கை நனைக்காத விருந்து

1

போன வாரம் ஒரு ஹோட்டலிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. "நீங்கள் எங்களோடு உணவருந்தி ஓராண்டு நிறைகிறது. மறுபடியும் உங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம்" என்று எழுதியிருந்தார்கள். ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தை ஒட்டி நிற்கிற பெரிய ஹோட்டல் அது. கீழ்த்தளத்தில் கடல் உணவுக்கென்றே ஒரு சாப்பாட்டுக்கூடம் உண்டு. கனடாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அதன் வாசலை எத்தனையோ தடவை தாண்டி நடந்திருக்கிறேன். உள்ளே போனது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு நாங்கள் அடித்த கூத்துக்குப் பிறகும் கூப்பிடுகிறார்கள் என்றால், ஒன்று அவர்கள் ரொம்ப நல்லவர்களாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த மின்னஞ்சலை ஒரு மெஷின் அனுப்பியிருக்க வேண்டும். மெஷின்தான் என்கிறார் என் வீட்டுக்காரர் பாலு.

நான் விஸ்வநத்தத்துக்காரி. பாலுவுக்குக் காரியாபட்டிப் பக்கம். சிவகாசியில் அச்சாபீசில் கற்ற தொழில்தான் இங்கேயும் சோறு போடுகிறது. மீன் பெட்டிகளில் ஒட்டும் லேபிள் அச்சடிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். "பத்தாயிரம் மைல் பறந்துபோயி அதே மை வாடைதானா" என்று ஊரில் இன்னும் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். வருஷம் பூராவும் மீன் படத்தை அச்சடிக்கிறவள் அந்தப் பெரிய ஹோட்டலில் மீன் தின்னப் போனதும், தின்னாமல் உட்கார்ந்திருந்ததும்தான் இந்தக் குறிப்பு.

2

எங்களுக்கு ஒரே பெண், நித்யா. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கே. தமிழ் புரியும். பேசச் சொன்னால் ஆமை மாதிரி தலையை உள்ளே இழுத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பதினான்கு வயதில் விட்டாள். அதற்காக நான் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடாதது என் அதிர்ஷ்டம். சோறு வேண்டாம், பாஸ்தா போதும் என்றாள். பொட்டு போயிற்று, பின்னல் போயிற்று. இவளிடம் நம்முடையது என்று என்னதான் மிச்சம் என்று நான் மனசுக்குள் கணக்கெடுத்துக்கொண்டே இருப்பேன்.

ஒன்று மிச்சமிருந்தது. அவளுடைய மாமா, அதாவது என் அண்ணன் சங்கரபாண்டி.

அண்ணன் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நித்யாவின் ஒன்பதாவது வயதில் இரண்டு மாதம் ஊரில் கொண்டுபோய் விட்டிருந்தேன். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொண்டாள். அந்த இரண்டு மாதமும் அண்ணன் வீட்டுப் பிள்ளைகளோடு அவளுக்கும் ஒரு பயிற்சி நடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதோ விளையாடிக்கொண்டிருக்கும்போதோ அண்ணன் திடீரென்று "ஓடு" என்பார். உடனே எல்லாரும் வீட்டை விட்டு வெளியே ஓட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. கையில் கிடைத்தவர்களைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். கடைசியில் வருகிறவருக்கு அன்றைக்குச் சாத்தூர்க் காராச்சேவு கிடையாது.

அண்ணனுக்கு அது விளையாட்டு இல்லை. இடது முன்கையில் முழங்கை வரைக்கும் வெந்து ஆறிய தழும்பு அவருக்கு உண்டு. வெடிமருந்து தீப்பிடித்த ஒரு மதியம், அந்தச் சொல்லைச் சொல்லி மூன்று பேரை வெளியே இழுத்துப்போட்டவர் அவர். நான்காவதாக ஒருவர் என்னவென்று பார்க்கத் திரும்பினார். அவரைப் பற்றி அண்ணன் பேசமாட்டார்.

3

படகு பழுதுபார்க்கும் பட்டறையில் தச்சு வேலை செய்கிற லூக் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாக நித்யா சொன்னபோது நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினேன். பையன் வீட்டுக்கு வந்தான், செருப்பைக் கழற்றினான், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தான். பாலு அப்போதே கவிழ்ந்துவிட்டார். எனக்கும் மனசு இறங்கிவிட்டது. நித்யாதான் விடவில்லை.

"மாமா மாலை எடுத்துக் குடுக்கணும். இல்லேன்னா கல்யாணம் வேணாம்" என்றாள். தமிழில் சொன்னாள். அத்தனை நீளமாக அவள் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "பையனைப் பார்க்காம சொல்லமாட்டேன் தாயி. போட்டோவுல மூஞ்சி தெரியும், ஆளு தெரியாது" என்றார்.

"பட்டறையில வேலைண்ணே. பெரிய படிப்பெல்லாம் இல்ல."

"பட்டறைன்னா என்ன கேவலமா? நான் என்ன கலெக்டரா? கையி நிதானமான கையான்னு பார்க்கணும். அவசரக் கைக்காரனை நான் மருந்துக்கிட்டயே விடமாட்டேன், பிள்ளைகிட்ட விடுவேனா?"

அவரை இங்கே கொண்டுவர விசா விண்ணப்பம் போட்டோம். தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். வெடி என்று எழுதினால் விசா கிடைக்குமா? "பொய் எழுதாத. முப்பது வருசமாச் செய்யிற வேலை" என்றார் அண்ணன். அப்படியே எழுதினோம், கிடைத்துவிட்டது. மாட்டியது நடுவில் விமானம் மாறும் ஊரில்தான். பையை ஒரு துணித்துண்டால் துடைத்து மெஷினில் வைத்ததும் அது கத்தியிருக்கிறது. பையை மூன்று தடவை துவைத்துக் காயவைத்துத்தான் கொண்டுவந்தார். மருந்து அவ்வளவு லேசில் போகாது. இரண்டு மணி நேரம் உட்கார வைத்து விசாரித்தார்கள். அண்ணன் தன் கம்பெனி அடையாள அட்டையைக் காட்டி, எனக்காகக் கொண்டுவந்த சிவகாசித் தினசரிக் காலண்டரைப் பிரித்து, அதன் அட்டையில் இருந்த பூச்சட்டிப் பட்டாசின் படத்தையும் காட்டியிருக்கிறார். கடைசியில் அந்த ஆபீசர் சிரித்துவிட்டாராம். காலண்டர் அவரிடமே போய்விட்டது.

"நல்ல மனுசன். அங்கன ஒரு காலண்டர் தொங்கட்டுமே" என்றபடி இறங்கி வந்தார் அண்ணன்.

4

மறுநாளே லூக்கின் அப்பா பீட்டரும் அம்மா மார்கரெட்டும் அழைப்பு அனுப்பினார்கள். சனிக்கிழமை மாலை, அந்தப் பெரிய ஹோட்டலில் விருந்து.

இங்கேதான் அண்ணன் ஒரு குண்டைப் போட்டார். "வாறேன். ஆனா கை நனைக்கமாட்டேன்."

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சம்பந்தம் முடிவாகிறதுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிடுவது கிடையாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். தண்ணீர் குடிக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. இருபது வருஷத்துக்கும் மேலாக இங்கே இருந்து நான் இதை மறந்தே போயிருந்தேன்.

பாலு வாதாடிப் பார்த்தார். "மச்சான், அது ஹோட்டலு. அவுக வீடா என்ன?"

"கூப்பிட்டது யாரு மாப்ள?"

"அவுகதான்."

"அப்ப அது அவுக வீடுதான். எங்கன இலை போட்டா என்ன?"

"சரி, நீங்க சாப்பிடாதீக. நான் பொண்ணோட அப்பன். நானுமா பட்டினி கிடக்கணும்?"

அண்ணன் பாலுவை ஒரு பார்வை பார்த்தார். பாலு வாயை மூடிக்கொண்டார். நித்யாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொன்னால் அழுவாள், அல்லது என்னோடு சண்டைக்கு வருவாள். அங்கே போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் பாதிப் பிரச்சினைகள் இப்படி விட்டதால் வந்தவைதான்.

5

கோடைக்காலம். மாலை ஏழு மணிக்கும் கடல் மேல் வெயில் பளிச்சென்று கிடந்தது. அண்ணன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேலே என்னுடைய பழுப்பு ஸ்வெட்டர். சாப்பாட்டுக்கூடத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பித்தளை மீன் நின்றது. உள்ளே காலெடுத்து வைக்கும் முன்னால் அண்ணன் அதன் வயிற்றில் உள்ளங்கையை அழுத்தி வைத்து எடுத்தார். பட்டாசு செட்டுக்குள் நுழைகிறவர்கள் உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். அவருக்கு அது கைப்பழக்கம். பின்னால் வந்த பீட்டர் இது எங்கள் ஊர் மரியாதை என்று நினைத்துத் தானும் தொட்டார். மார்கரெட்டும் தொட்டார். லூக் இரண்டு கையாலும் தொட்டான்.

அண்ணனுக்கு அடுத்த குறை கதவில். "உள்பக்கமா இழுத்துத் தொறக்கிற கதவு. இம்புட்டுப் பேரு உக்காருற இடத்துக்கு எவன் இப்படி வச்சான்? வெளிய தள்ளுற கதவுல்ல வைக்கணும்." நித்யா அதை லூக்கிடம் மொழிபெயர்த்தாள். அவன் திரும்பி அந்தக் கதவை ஒருமுறை பார்த்துத் தலையாட்டினான். வாசலை ஒட்டிய மேஜைதான் வேண்டும் என்று அண்ணன் கேட்க, அதையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

வெள்ளை விரிப்பு, ஆளுக்கு மூன்று முள்கரண்டி, இறால் ஓடு உடைக்க ஒரு குறடு. பீட்டர் முன்னதாகவே எல்லாவற்றுக்கும் ஆர்டர் கொடுத்திருந்தார். ஐஸ் மேல் சிப்பி வந்தது. வெண்ணெயில் வெந்த மட்டி வந்தது. பிறகு செக்கச்செவேலென்று சிங்கி இறால், ஆளுக்கு ஒன்று, மீசையோடு. பாலு அதைப் பார்த்த பார்வையை என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட நான் பார்த்ததில்லை.

நாங்கள் மூன்று பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணன் தண்ணீர் குடித்தார். நானும் குடித்தேன். பரிமாறுகிற பெண் வந்து ஒவ்வாமை ஏதாவது உண்டா என்று கேட்டாள். இல்லை என்றோம். மேலாளர் வந்து அதையே கேட்டார். மார்கரெட்டின் முகம் சிறுத்துப்போனது.

உங்கள் பையனை எங்கள் அண்ணன் இன்னும் முடிவு செய்யவில்லை, அதனால் உங்கள் மீனைத் தொடமாட்டோம் என்று எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன். "இன்று சனிக்கிழமை. எங்களுக்கு விரதம். சூரியன் மறைந்தபிறகுதான் சாப்பிடுவோம்."

நித்யா என்னை முறைத்தாள். அவள் பிறந்ததிலிருந்து நான் ஒரு விரதமும் இருந்தது கிடையாது.

பீட்டர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருந்தது. அவர் தன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் நாங்களும் காத்திருக்கிறோம்" என்றார். மார்கரெட்டும் லூக்கும் கரண்டியை வைத்துவிட்டார்கள். நித்யா கடைசியாக வைத்தாள். ஏழு பேர், ஏழு சிங்கி இறால். ஒருவரும் தொடவில்லை.

"அவுக ஏன் திங்கல?" என்று அண்ணன் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நமக்காகக் காத்திருக்காக."

அண்ணன் தம்ளரைச் சுற்றிச் சுற்றி வைத்தார். அவருக்கும் அது கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் அண்ணன் ஒரு முடிவெடுத்தால் இரண்டு ஜோடி மாட்டைப் பூட்டினாலும் இழுக்க முடியாது. மார்கரெட்தான் பேச்சை ஆரம்பித்தார். தாங்களும் இந்த இடத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை என்றார். வீட்டில் மேஜைமேல் செய்தித்தாளை விரித்து அதில் இறாலைக் கொட்டிக் கையாலேயே சாப்பிடுவார்களாம். உங்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று இங்கே கூப்பிட்டோம், குறடைப் பிடிக்க எங்களுக்கே தெரியாது என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்போதுதான் அந்த ஹோட்டலின் பேர்போன இறால் வந்தது. ஒருவர் தள்ளுவண்டியில் வாணலியோடு வந்து, எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தி, மேலே பிராந்தியை ஊற்றி, ஒரு தீக்குச்சியை நீட்டினார்.

நீல நிறத்தில் ஆள் உயரத்துக்கு எழும்பியது தீ.

"ஓடு!"

அண்ணனின் அந்தக் குரலை நான் கேட்டுப் பல வருஷம் ஆகிறது. என் மூளைக்கு அது பிராந்தி என்று தெரியும். கால்களுக்குத் தெரியவில்லை. விஸ்வநத்தத்துக் கால்கள். அடுத்த நொடி நான் வாசலில் இருந்தேன். எனக்கு முன்னால் அண்ணன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மார்கரெட்டை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மார்கரெட்டின் பின்னால் பீட்டர். அவர்களுக்கும் முன்னால், கதவை உள்பக்கமாக இழுத்துத் தோளால் அண்டக்கொடுத்து நின்றான் லூக். இன்னொரு கையில் நித்யாவின் கை. ஓடி வந்தவர்கள் வெளியேறும்வரை கதவைப் பிடித்திருந்துவிட்டு, அவளோடு நடைபாதைக்கு வந்தான். எங்களை நம்பி இன்னும் இரண்டு மேஜைக்காரர்களும் நாப்கினோடு ஓடி வந்துவிட்டார்கள்.

அண்ணன் தலைகளை எண்ணினார், எங்களில் ஒன்று குறைந்தது. பிறகு கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். தீ அணைந்திருந்தது. வாணலிக்காரர் குச்சியைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார்.

6

அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. மார்கரெட்டின் மணிக்கட்டை விட்டுவிட்டுக் கும்பிட்டார். அவரோ மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பீட்டரும் சிரித்தார். அண்ணன் மட்டும் லூக்கையே பார்த்தார்.

"இவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? கேளு" என்றார் நித்யாவிடம்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. லூக் தமிழிலேயே, "ஓடு" என்றான். நாக்கு கொஞ்சம் புரண்டாலும் சொல் தெளிவாக இருந்தது. பிறகு அவனுடைய மொழியில் சொன்னான். பழக ஆரம்பித்த முதல் மாதமே நித்யா அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டாளாம். சந்தையில், கடற்கரையில், நினைத்தாற்போல் "ஓடு" என்பாளாம். ஏன் என்று கேட்கக் கூடாது, திரும்பக் கூடாது. கடைசியில் வந்தால் காராச்சேவு கிடையாது. ஊரிலிருந்து பார்சலில் வருகிற சேவு என் சமையலறையில் ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் பெண்ணிடம் நம்முடையது என்னதான் மிச்சம் என்று இத்தனை வருஷம் கணக்கெடுத்தேனே, நான் ஒரு மடச்சி. காப்பாற்றுகிற சொல்லை வைத்திருந்தாள். விரும்பினவனுக்கு முதலில் அதைத்தான் கொடுத்திருக்கிறாள். நடைபாதையில் நின்று நான் நன்றாக அழுதேன்.

அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "புதுசா வேலைக்கு வாறவனுக்கு இந்த ஒத்தச் சொல்லைக் காலுல ஏத்த எனக்கு ஆறு மாசம் ஆகும். தீயைப் பார்த்தா மனுசன் வேடிக்கை பார்ப்பான் தாயி. இவன் திரும்பல. கதவு உள்ள இழுக்கிற கதவுன்னு ஞாபகம் வச்சிருக்கான். பிள்ளை கையை விடல."

பிறகு லூக்கின் தோளில் கையைப் போட்டார். அதுவரை 'தம்பி' என்றவர், "வாலே, சாப்பிடுவோம்" என்றார்.

உள்ளே போனால் பாலு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கன்னம் புடைத்திருந்தது. அவர் முன்னால் இருந்த தட்டில் இறால் வால்கள் நான்கு கிடந்தன.

"மாப்ள" என்றார் அண்ணன்.

பாலு விழுங்கிவிட்டுப் பதில் சொன்னார். "கையில கிடைச்சதைப் பிடிச்சுக்கிடணும்னு நீங்கதான மச்சான் சொல்லியிருக்கீக. உங்க தங்கச்சி என்னைய விட்டுட்டுக் கைப்பையைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டா. எனக்கு இறால்தான் கிடைச்சுது."

நான் குனிந்து பார்த்தேன். கைப்பை என் தோளில் பத்திரமாக இருந்தது. இதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

பீட்டர் ஜன்னலைக் காட்டி, சூரியன் இன்னும் இருக்கிறதே என்று கவலைப்பட்டார். நான் நித்யாவைப் பார்த்தேன். பிறகு எல்லா உண்மையையும் ஒப்பித்தேன், கை நனைக்கிற கதையிலிருந்து. கேட்டுமுடித்த பீட்டர் திரும்பி அண்ணனின் கையைத்தான் பார்த்தார். மேஜையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

அண்ணன் ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினார். குறடை ஒதுக்கி வைத்தார். சிங்கி இறாலின் பெரிய கொடுக்கைப் பிய்த்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஒரே அழுத்து. ஓடு பிளந்தது. சதையை நோகாமல் உருவி லூக்கின் தட்டில் வைத்தார். அடுத்த கொடுக்கை உடைத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

நித்யா எழுந்து வந்து மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இருத்தா, எண்ணெய்க் கை" என்றார் அவர். மார்கரெட் குறடை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டார். அதன்பிறகு அந்த மேஜையில் யாரும் கரண்டியைத் தொடவில்லை.

அடுத்த மாதம் கல்யாணம். அண்ணனுக்கு இரண்டாவது விசாவும் வந்துவிட்டது. ஹோட்டலின் மின்னஞ்சலுக்கு நேற்றுப் பதில் அனுப்பினேன். கல்யாணத்துக்கு மறுநாள், இரண்டு வீட்டு ஆட்களும் சேர்ந்து பதினாறு பேர், வாசலை ஒட்டிய மேஜை. ஒவ்வாமை என்ற கட்டத்தில் 'நெருப்பு' என்று எழுதினேன்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தால், அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தக் கதவை மாத்திட்டாகளா?"

"அவுக ஹோட்டல்ணே அது. நமக்காக மாத்துவாகளா?"

"கேட்டுப் பாரு தாயி. நம்ம பிள்ளைக ரெண்டும் உக்காரப் போற இடம்."